எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: யாருக்குத் தகும், எவருக்கு எது தகும்?

சில மாதங்களுக்கு முன்பு என் அறைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வயது 41, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 9.2க்குக் கீழே இறங்கவில்லை. ஒரு துணிக்கடைப் பை நிறைய ரிப்போர்ட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "எங்க சொந்தக்காரப் பொண்ணு 120 கிலோ இருந்தா, ஆபரேஷன் பண்ணி 75க்கு வந்துட்டா. நான் அவ்வளவு குண்டு இல்லையே மேடம், எனக்கும் பண்ணுவாங்களா? இல்ல, இப்ப வந்திருக்கிற ஊசியே போதுமா?"

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் உணவியல் ஆலோசகராக இருப்பதால், இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் வாரத்துக்கு நாலைந்து முறையாவது கேட்கிறேன். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அறுவைக்கு நான் தகுதியானவரா என்பது ஒன்று. தகுதி இருந்தால், எனக்கு ஏற்ற வழி எது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எடை மெஷின் விடை சொல்லிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எடை மெஷின் சொல்வது பாதி விடைதான். ஆகவே அளவுகோல்களை முதலில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வழியையும் அவற்றோடு பொருத்திப் பார்ப்போம்.

## முதல் அளவுகோல்: எடையும் உயரமும்

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ என்னும் உடல் நிறை குறியீட்டெண். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் வகுத்த வரம்பே நெடுங்காலம் உலகம் முழுவதும் கையாளப்பட்டது. பிஎம்ஐ 40க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து, பருமனால் வந்த நோயும் இருக்க வேண்டும் என்பது அந்த வரம்பு.

இது நம் உடல்வாகுக்கு ஒத்துவராது என்பதை மருத்துவர்கள் வெகு நாளாகவே சொல்லி வந்தார்கள். ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரையும் தமிழரையும் பக்கத்தில் நிறுத்தினால், நம்மவருக்கு வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றி, கொழுப்பு கூடுதலாக இருக்கும். சர்க்கரையும் பத்துப் பதினைந்து கிலோ முன்னதாகவே வந்துவிடும். அதனால் 2008இல் திருவனந்தபுரத்தில் கூடிய ஆசிய மருத்துவர்களின் மாநாடு வரம்பைக் கீழே இறக்கியது. பிஎம்ஐ 35க்கு மேல் என்றால் நோய் இல்லாவிட்டாலும் அறுவை செய்யலாம். 30க்கு மேல் என்றால் தொப்பையும் (இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல்), அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு போன்றவற்றில் குறைந்தது இரண்டும் இருக்க வேண்டும். 2022இல் அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கமும் இத்துறையின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி இறங்கி, ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையை ஒரு வாய்ப்பாக முன்வைக்கலாம் என்றது.

உங்கள் உயரத்துக்கு இந்த எண்கள் எத்தனை கிலோவாகின்றன என்பதைக் கீழே பாருங்கள்.

| உயரம் | பிஎம்ஐ 27.5 | பிஎம்ஐ 30 | பிஎம்ஐ 35 | பிஎம்ஐ 40 |
|---|---|---|---|---|
| 150 செ.மீ. | 62 கிலோ | 68 கிலோ | 79 கிலோ | 90 கிலோ |
| 155 செ.மீ. | 66 கிலோ | 72 கிலோ | 84 கிலோ | 96 கிலோ |
| 160 செ.மீ. | 70 கிலோ | 77 கிலோ | 90 கிலோ | 102 கிலோ |
| 165 செ.மீ. | 75 கிலோ | 82 கிலோ | 95 கிலோ | 109 கிலோ |
| 170 செ.மீ. | 79 கிலோ | 87 கிலோ | 101 கிலோ | 116 கிலோ |

நான் சொன்ன பெண்ணின் பிஎம்ஐ ஏறத்தாழ 33.6. "அவ்வளவு குண்டு இல்லை" என்று தம்மைத் தாமே விலக்கிக்கொண்டிருந்தவர், மருத்துவக் கணக்கில் வரம்புக்குள் வந்துவிட்டார். இதற்கு நேர்மாறாக, 27.5ஐத் தொட்டுவிட்டோம் என்பதற்காக, வேறு நோய் எதுவும் இல்லாமல், திருமணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களை நான் அறுவை மருத்துவரிடம் அவசரப்படுத்தி அனுப்புவதில்லை. அந்த எடையில் அறுவையின் பலனைப் பெரிதாக்கிக் காட்டுவது உடனிருக்கும் நோய்தான், குறிப்பாகக் கட்டுக்கு அடங்காத சர்க்கரை. நோய் இல்லாத இடத்தில் அறுவையின் ஆபத்து மட்டும் அப்படியே மிஞ்சும்.

## இரண்டாவது அளவுகோல்: உடனிருக்கும் நோய்களும் தள்ளிப்போடும் காரணங்களும்

சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு அடைபடும் குறட்டை நோய், கொழுப்பு படிந்த ஈரல், கருமுட்டைப் பையில் நீர்க்கட்டி, மூட்டுத் தேய்மானம், மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் ஆகியவை அறுவையின் பக்கம் தராசைச் சாய்க்கும். சர்க்கரை நோயில் ஒரு நுட்பம் உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் மிச்சம் இருந்தால்தான் அறுவைக்குப் பின் மாத்திரையை விட முடியும். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். வயது குறைவாகவும், நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவராகவும், சி-பெப்டைடு நன்றாகவும் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு அதிகம். பதினைந்து ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு எடை குறையும், இன்சுலின் அளவும் குறையும். ஆனால் "சர்க்கரை அடியோடு போய்விடும்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

தள்ளிப்போட வேண்டிய காரணங்களையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடோ, கார்ட்டிசால் மிகைச் சுரப்போ எடைக்குக் காரணமாக இருந்தால் முதலில் அதற்கு மருத்துவம் செய்ய வேண்டும். மது, போதைப் பழக்கத்தின் பிடியில் இருப்பவர்கள், கட்டுக்குள் வராத மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அடுத்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், மயக்க மருந்தைத் தாங்காத அளவுக்கு இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள் ஆகியோருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே விடை. புகைபிடிப்பவர் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். வயதுக்கு இப்போது மேல்வரம்பு என்று ஒன்று இல்லை. 65 வயதைத் தாண்டியவரானாலும் உடல் திடமாக இருந்தால் பரிசீலிக்கிறார்கள்.

## மூன்றாவது அளவுகோல்: ஆயுள் முழுக்கப் பின்தொடர முடியுமா?

என் அனுபவத்தில், இதைத்தான் மக்கள் கடைசியில் கேட்கிறார்கள். உண்மையில் இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் ஆயுள் முழுவதும் வைட்டமின் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை, நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் ஆகியவை வேண்டும். இவற்றில் எதுவும் பேரத்துக்கு உரியதல்ல.

இரைப்பையைக் குடலோடு நேராக இணைக்கும் மினி பைபாஸ் அறுவை செய்துகொண்ட ஒருவர், இரண்டரை ஆண்டுகள் எங்கள் பக்கமே வராமல் இருந்துவிட்டு ஒருநாள் வந்தார். எடை நன்றாகக் குறைந்திருந்தது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. நடந்து வரும்போது அவருடைய இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்ததை, அவர் என் எதிரே உட்கார்ந்து, நான் சொல்லும் வரை உணரவில்லை. "நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார். வைட்டமின் பி12 அடிமட்டத்துக்குப் போய், பாத நரம்புகள் மரத்துப் போயிருந்தன. ஊசி போட்டு ஓரளவு மீட்டோம். அறுவைக்கு முன் நான் கேட்கும் கேள்விகளை அன்றைக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம், கூட வர யார் இருக்கிறார்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகும் எண்ணம் உண்டா என்பவற்றையெல்லாம் இப்போது பிஎம்ஐக்கு முன்பாகவே கேட்கிறேன்.

## நான்காவது அளவுகோல்: காப்பீடு ஒப்புக்கொள்ளுமா?

மருத்துவத் தகுதியும் காப்பீட்டுத் தகுதியும் வேறு வேறு. பலர் வழுக்கி விழும் இடம் இதுவே. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான விதிச்சொற்களின்படி, நோயாளி 18 வயதைக் கடந்திருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40 வரை என்றால், பருமனால் வந்த இதயத் தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்கு அடங்காத இரண்டாம் வகைச் சர்க்கரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்கும் முன்பு எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

பட்டியலைக் கவனியுங்கள். மூட்டு வலி அதில் இல்லை, நீர்க்கட்டி இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. நம் 33.6 பிஎம்ஐ பெண்ணை மருத்துவ வழிகாட்டுதல் உள்ளே அழைக்கிறது, காப்பீட்டு விதியோ வெளியே நிறுத்துகிறது. ஆசிய உடலுக்கு வரம்பை இறக்கிய மருத்துவத்தை, ஆசியர்களுக்காகவே எழுதப்பட்ட காப்பீட்டு விதி பின்பற்றாமல் 1991இன் எண்களிலேயே நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு ஆகும் செலவையும் அதே காப்பீடுதானே கொடுக்க வேண்டியிருக்கும்! சில பாலிசிகளில் இதைவிடத் தாராளமான வாசகம் இருக்கலாம் என்பதால் உங்கள் பாலிசியை வரிவரியாகப் படியுங்கள். இந்த அறுவைக்கென்று தனிக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்பே எடுத்த சிகிச்சைகளின் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். எளிய வழிகள் பலிக்கவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

## வழி 1: ஊசி மருந்தும் உணவு மாற்றமும்

வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகிய மருந்துகள் பசியைக் குறைத்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. டிர்செபடைடு 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரிலும், எடைக்கான செமாகுளுடைடு அதே ஆண்டு ஜூனில் வெகோவி என்ற பெயரிலும் இந்தியாவுக்கு வந்தன. பிஎம்ஐ 30க்கு மேல் இருந்தாலோ, 27க்கு மேல் இருந்து உடன்நோய் இருந்தாலோ மருத்துவர் எழுதித் தரலாம்.

பலன் உண்மையானது. 2021இல் வெளியான ஆய்வில், செமாகுளுடைடு எடுத்தவர்கள் 68 வாரத்தில் உடல் எடையில் சராசரியாக 14.9 சதவீதத்தை இழந்தார்கள். 2022இல் வெளியான டிர்செபடைடு ஆய்வில், உச்ச அளவு மருந்தில் 72 வாரத்தில் ஏறத்தாழ 21 சதவீதம் குறைந்தது. ஆனால் இவை இரண்டும் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வுகள். சர்க்கரை உள்ளவர்களிடம் செமாகுளுடைடின் அதே அளவு 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடையைக் குறைத்தது. விளம்பரத்தில் பார்த்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு வரும் சர்க்கரை நோயாளிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதை ஆய்வு காட்டியது. எனவே மாதச் செலவை ஆறு மாதத்துக்கு மட்டும் கணக்கிடாமல், பத்தாண்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இந்த மருந்துகள் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

பிஎம்ஐ 27.5 முதல் 32 வரை உள்ளவர்கள், அறுவைக்கு உடல் தகுதி இல்லாதவர்கள், அறுவையைத் தள்ளிப்போட வேண்டியவர்கள் ஆகியோருக்கு இதுவே முதல் வழி. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு, அறுவைக்கு முன் எடையை ஓரளவு இறக்கி மயக்க மருந்தின் ஆபத்தைக் குறைக்கவும் இது உதவுகிறது.

## வழி 2: ஸ்லீவ் அறுவை

வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டு, லேப்ராஸ்கோபி முறையில், இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழல். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் சுரக்கும் மேல்பகுதியும் வெட்டுப்பகுதியோடு போய்விடுவதால், முதல் சில மாதங்களில் பசியே எடுப்பதில்லை. ஓரிரு ஆண்டில் உடல் எடையில் சுமார் கால் பங்கு குறையும்.

அறுவை முடிந்த மறுநாள் வார்டில் கொடுப்பது 30 மில்லி பிடிக்கும் சிறு கிண்ணத்தில் தண்ணீரோ தெளிந்த ரசமோதான். அதையும் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டும். ஒரு நோயாளியின் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "பச்சைப் பிள்ளைக்குச் சங்குல புகட்டுற மாதிரில்ல இருக்கு" என்று கண்கலங்கினார். அவர் சொன்ன உவமையை இப்போது நானே எல்லோருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அதைவிடச் சரியாக விளக்க முடியவில்லை. இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்த பருப்பு, மசித்த காய், ஆறாவது வாரம் வாக்கில் அரை இட்லி. அந்த அரை இட்லியைச் சாப்பிட இருபது நிமிடம் ஆகும்.

குடலைத் தொடாத அறுவை என்பதால் சத்துக்குறைபாடு ஒப்பீட்டளவில் குறைவு. தொடர்ந்து வலிமாத்திரையோ ஸ்டீராய்டோ எடுக்க வேண்டிய மூட்டுவாத நோயாளிகளுக்கும், பிற்காலத்தில் இரைப்பைக்குள் எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டிய தேவை உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் ஸ்லீவ் ஏற்றது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தைத்த வரிசையின் மேல்முனையில் கசிவு ஏற்படும் ஆபத்து நூற்றில் ஒருவர் அளவுக்கு உண்டு.

இதன் பெருங்குறை எதுக்களிப்பு. ஸ்விட்சர்லாந்தில் நடந்து 2018இல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில், ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவர்களில் ஸ்லீவுக்குப் பின் அது மோசமானவர்கள் ஏறத்தாழ 32 சதவீதம். அடுத்த வழியாக வரும் பைபாஸ் அறுவைக்குப் பின் மோசமானவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம். இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம், புளிக்குழம்பு சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், கிலோக்கணக்கில் ஆன்டாசிட் என்று இருப்பவர், எண்டோஸ்கோபி பார்க்காமல் ஸ்லீவுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. எண்டோஸ்கோபி வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அறுவையும் வேண்டாம் என்பேன்.

## வழி 3: பைபாஸ்

இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். உணவு, மீதி இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் போகிறது. 1960களில் வயிற்றைத் திறந்து செய்யத் தொடங்கி, 1990களில் லேப்ராஸ்கோபிக்கு வந்த முறை இது என்பதால் நீண்டகாலப் பலனும் நீண்டகாலத் தொல்லையும் இரண்டுமே நன்கு தெரிந்தவை. எடை சுமார் 30 சதவீதம் வரை குறையும்.

சர்க்கரைக்கு இது வலுவானது. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 150 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து, 2017இல் ஐந்தாண்டு முடிவு வெளியான ஆய்வில், எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23, பைபாஸ் செய்தவர்களில் 29. இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். மருந்தைவிட அறுவை பல மடங்கு மேல் என்பது ஒன்று. பைபாஸ் செய்தவர்களிலும் பெரும்பாலோர் அந்தக் கடுமையான இலக்கை ஐந்தாண்டுக்குப் பின் எட்டியிருக்கவில்லை என்பது மற்றொன்று.

தொல்லைகள்: இனிப்பை அதிகம் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். இணைப்பில் புண் வரலாம் என்பதால் புகையும் சாதாரண வலிமாத்திரையும் ஆயுளுக்கும் கூடாது. இரும்பு, கால்சியம், பி12 குறையும், மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு இன்னும் வேகமாக இறங்கும். ஆண்டுகள் கழித்துக் குடல், உள்ளே உண்டான இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. ஆகவே பைபாஸ் செய்தவருக்குத் திடீரெனக் கடும் வயிற்றுவலி வந்தால், வாயுத் தொல்லை என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மது மிக வேகமாக ஏறும். கருத்தடை மாத்திரையை நம்பக் கூடாது, மாற்று வழி வேண்டும்.

கடும் எதுக்களிப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளவருக்கு, ஒழுங்காகப் பின்தொடர முடியுமானால், இதுவே என் முதல் தேர்வு.

## வழி 4: மினி பைபாஸ்

1997இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கிய முறை. இந்தியாவில் நிறையச் செய்யப்படுகிறது. நீளமான இரைப்பைக் குழலை ஒரே இடத்தில் குடலோடு இணைப்பதால் நேரம் குறைவு, எடை இறக்கம் பைபாஸுக்கு இணை. பிரான்சில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. ஆனால் 200 சென்டிமீட்டர் குடலை விலக்கிச் செய்தபோது சத்துக்குறைபாடும் வயிற்றுப்போக்கும் பைபாஸைவிட அதிகம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பித்தநீர் மேலே ஏறும் தொல்லையும் உண்டு.

சைவ உணவுக்காரர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஓர் இட்லியில் புரதம் 2 கிராம்தான். ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவு. சிறுத்துப்போன இரைப்பையில் 60 கிராமைச் சேர்ப்பதற்குப் பருப்பு, சுண்டல், பனீர், தயிர், புரதப்பொடி என்று நாள் முழுவதும் திட்டமிட வேண்டும். முட்டை கூடச் சாப்பிடாதவர் மினி பைபாஸ் கேட்டால், எத்தனை சென்டிமீட்டர் குடலை விலக்கப் போகிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

(இரைப்பைக்குள் பலூன் வைப்பது அறுவை அல்ல. வழக்கமாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடையும் பத்து சதவீதத்தையொட்டிக் குறைந்து பலருக்குத் திரும்பிவிடுகிறது. வேறொரு சிகிச்சைக்கு முன்னேற்பாடாக அன்றி இதை நான் பரிந்துரைப்பதில்லை.)

## ஒரே பார்வையில்

| | ஊசி மருந்து | ஸ்லீவ் | பைபாஸ் | மினி பைபாஸ் |
|---|---|---|---|---|
| எடை இறக்கம் | 10 முதல் 21 சதவீதம் | சுமார் 25 சதவீதம் | சுமார் 30 சதவீதம் | பைபாஸை ஒத்தது |
| சர்க்கரை | நல்ல பலன், தொடரும் வரை | மிக நல்ல பலன் | சற்றுக் கூடுதல் | பைபாஸை ஒத்தது |
| எதுக்களிப்பு உள்ளவருக்கு | குமட்டல், எதுக்களிப்பு கூடலாம் | தவிர்ப்பது நல்லது | ஏற்றது | கவனம் தேவை |
| சத்துக்குறைபாடு | குறைவு, புரதத்தில் கவனம் | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| மீட்க முடியுமா | நிறுத்தலாம் | முடியாது | கடினம் | கடினம் |
| வலிமாத்திரை தேவைப்படுபவருக்கு | தடையில்லை | ஓரளவு ஏற்றது | கூடாது | கூடாது |

## மதிப்பீட்டில் எழுதாத செலவுகள்

மருத்துவமனை தரும் தொகையில் அறையும் அறுவையும் இரைப்பையைத் தைக்கும் ஸ்டேப்ளரும் மட்டுமே இருக்கும். புரதப்பொடி, ஆயுள்கால வைட்டமின்கள், ஆண்டுதோறும் பரிசோதனை, போக்குவரத்து, இரண்டு மூன்று வாரச் சம்பள இழப்பு ஆகியவற்றை நீங்கள்தான் கூட்ட வேண்டும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாகலாம், அதற்கு இன்னோர் அறுவை தேவைப்படலாம். பைபாஸுக்குப் பின் பித்தக்குழாயில் கல் இறங்கினால் வழக்கமான எண்டோஸ்கோபியால் எட்டுவதும் கடினம். மூன்றாம் மாதம் முதல் முடி கொட்டும். பெரும்பாலும் மீண்டும் முளைத்துவிடும் என்றாலும், குளியலறையில் கொத்தாகக் கையில் வரும்போது தைரியம் சொல்ல ஆள் வேண்டும். முப்பது நாற்பது கிலோ இறங்கியவர்களுக்குத் தொங்கும் தோலை அகற்றும் அறுவை பொதுவாக அழகுக்கானது என்று காப்பீட்டில் ஒதுக்கப்படுகிறது.

உயிர் ஆபத்தையும் பேசியாக வேண்டும். எடைக்குறைப்பு அறுவைக்காகச் சேர்ந்த புதுவை இளைஞர் ஒருவர் 2024இல் சென்னையில் இறந்த செய்திக்குப் பிறகு, கேட்காமலே எல்லோர் மனத்திலும் அந்தப் பயம் இருக்கிறது. தேர்ந்த மையங்களில் முதல் 30 நாளில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான், பித்தப்பை அறுவையோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் அந்த எண் தேர்ந்த மையங்களுக்கு உரியது. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை அறுவை செய்கிறார், இரவு இரண்டு மணிக்குக் கசிவு ஏற்பட்டால் யார் வருவார் என்ற மூன்றையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

## யாருக்கு எது?

27 வயது, பிஎம்ஐ 43, குறட்டை நோய், எதுக்களிப்பு இல்லை, ஐடி வேலை, காப்பீடு உண்டு என்ற இளைஞருக்கு ஸ்லீவ் பொருந்தும். 52 வயது, பிஎம்ஐ 37, சர்க்கரை, நாட்பட்ட நெஞ்செரிச்சல், மகளோடு மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வசிப்பவர் என்றால் பைபாஸ். 60 வயது, பிஎம்ஐ 31, முழங்கால் வலிக்காகத் தினமும் வலிமாத்திரை சாப்பிடுபவருக்கு முதலில் ஊசி, பிறகு பார்க்கலாம். திருமணமாகி ஒரு வருடம், நீர்க்கட்டி, பிஎம்ஐ 36, சீக்கிரம் குழந்தை வேண்டும் என்று வீட்டில் நெருக்கடி உள்ள பெண்ணுக்குத்தான் விடை சொல்வது கடினம். அறுவை செய்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்கவே கூடாது. ஊசி போட்டாலும் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதமாவது முன்னதாக நிறுத்தியாக வேண்டும். இந்தப் பேச்சுக்கு நான் கணவரையும் மாமியாரையும் கூடவே அழைத்து வரச் சொல்கிறேன். காத்திருக்கும் காலத்தின் பாரம் அந்தப் பெண்ணின் தலையில் மட்டும் விழக் கூடாது.

துணிக்கடைப் பையோடு வந்த பெண்ணுக்குச் சி-பெப்டைடு நன்றாக இருந்தது. காப்பீடு, எதிர்பார்த்தபடியே, பிஎம்ஐ 35க்குக் கீழ் என்று மறுத்துவிட்டது. "ராத்திரி படுத்தா தொண்டைக்குப் புளிச்சுக்கிட்டு வரும்" என்று கிளம்பும்போது, வாசலில் நின்றபடி, போகிற போக்கில் சொன்னார். நான் அவரைத் திரும்ப உட்கார வைத்து, அதைச் சீட்டில் எழுதினேன். எண்டோஸ்கோபிக்கு நாள் குறித்திருக்கிறோம். அதன் முடிவு வரும் வரை ஸ்லீவ் என்ற சொல்லையே எடுப்பதில்லை என்று அறுவை மருத்துவரும் சொல்லிவிட்டார். இப்போதைக்குச் சர்க்கரை மருத்துவர் வார ஊசியைக் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார். ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 7க்குக் கீழ் வந்தால் அதையே தொடர்வது, வராவிட்டால் கைக்காசில் பைபாஸ் என்று அவரும் கணவரும் ஒரு நோட்டில் இரண்டு பக்கமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.